டார்க் ரெஞ்சும் மாரிசெல்வியின் கையும்

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் மாதுங்காவின் மாண்பே, முப்பத்தாறு ஆண்டுகள் அளவுக் கருவிகளோடே வாழ்ந்து, அரை மில்லிமீட்டர் பிழையையும் அரை மனதோடுகூட ஒப்புக்கொள்ளாத ஐயா வேங்கடசுப்ரமணியன் அவர்களே! செம்பூர் மகளிர் மிதிவண்டிக் குழுவின் தலைவி, அணுசக்தி நகரிலிருந்து இந்த விழாவுக்கும் சைக்கிளிலேயே வந்து இறங்கிய அம்மையார் விஜயலட்சுமி அவர்களே! தாராவி மிதிவண்டிப் பழுதுநீக்குவோர் சங்கத்தின் தோழர்களே, கிரீஸ் படிந்த கரங்களைக் கழுவிக்கொண்டு கைதட்டக் காத்திருக்கும் என் தோள்களே! மான்குர்திலிருந்தும் கோவண்டியிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் உறவுகளே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சமையலை முடிக்காமல் வந்திருக்கும் தாய்மார்களே! நீங்கள் கவலைப்பட வேண்டாம். என் வீட்டிலும் இன்று அதே நிலைமைதான். என் துணைவி முப்பிடாதியம்மாள் அதோ நான்காவது வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் எல்லோரையும் சங்கச் செயலாளர் செல்லப்பாண்டியாகிய நான் நெஞ்சு நிமிர்த்தி, தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நெஞ்சை ஏன் நிமிர்த்துகிறேன்? இந்தத் தொண்ணூறடிச் சாலையில், நம் சங்கத்தின் சொந்தக் கருவியறை இன்று கதவு திறந்திருக்கிறது. அதற்காக நிமிர்த்துகிறேன். தலையை ஏன் தாழ்த்துகிறேன்? இந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய நல்ல பேரை இதே சாலையில் வைத்து நான் கெடுத்தேன். இதே சாலையில் வைத்து அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன். அதற்காகத் தாழ்த்துகிறேன். அவள் யார் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடாதீர்கள், சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன? 'மிதிவண்டிக்கு நல்ல ஆலன் கீயும் நல்ல டார்க் ரெஞ்சும் தேர்ந்தெடுப்பது எப்படி?' தலைவர் எனக்குக் கொடுத்த நேரம் எவ்வளவு? பத்து நிமிடம். என்ன ஐயா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? உங்களுக்குப் பிழை பிடிக்காது என்பது தெரியும். இன்று ஒரு ஐந்து நிமிடப் பிழையை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

அன்பர்களே! ஆறு முகம் கொண்டது ஆலன் கீ, போல்ட்டின் தலைக்குழியில் விட்டுத் திருகும் சாவி. ஆறு முகத்தில் ஒரு முகம் தேய்ந்தாலும் அது கீ இல்லை, வெறும் கம்பி. கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் என்ன செய்வார்? பளபளவென்று ஒரு செட்டை எடுத்து உங்கள் முன்னால் போடுவார். பளபளப்பைப் பார்த்துப் பல்லிளிக்காதீர்கள்! முனையைப் பாருங்கள்! முனையில் ஆறு விளிம்பும் வெட்டி எடுத்ததுபோல் கூராக இருக்கிறதா? விரல் வைத்துத் தடவினால் விளிம்பு தட்டுப்படுகிறதா? வழுவழுவென்று வழுக்குகிறதா? வழுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் நாலு மில்லிமீட்டருக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று இரண்டு புது போல்ட் கொண்டுபோங்கள். கீயை உள்ளே விடுங்கள், ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், அசையாமல் உட்கார்ந்தால் வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாளைக்குப் போல்ட்டின் குழி வட்டமாகிப் போனால் முகம் சுளிக்கப் போவது உங்கள் வாடிக்கையாளர் அல்லவா?

நம் பக்கத்துக் கடை நயினார் இருக்கிறாரே... எழுந்து போகாதீர்கள் நயினார், உட்காருங்கள். உங்கள் புகழைத்தான் பாடப்போகிறேன். லோக்கல் ரயிலில், சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில், ஒருவர் ஒன்பது கீ கொண்ட செட்டைக் கூவிக் கூவி விற்றார். நயினார் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? என் கடைக்கு வந்து விரித்துக் காட்டினார். "பாருங்க அண்ணாச்சி, கண்ணாடி மாதிரி இருக்குல்லா?" என்றார். மூன்றாம் நாள் ஒரு சீட் போல்ட்டில் அந்த ஐந்தாம் நம்பர் கீயை விட்டார். கீ சுற்றியது, போல்ட் சுற்றவில்லை. நயினார் விடுவாரா? கீயின் வாலில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி ஏறி மிதித்தார். கீயின் முகமும் போயிற்று, போல்ட்டின் குழியும் போயிற்று. அரை நாள் டிரில் போட்டு அந்த போல்ட்டை வெளியே எடுத்தோம். வாடிக்கையாளர் அதற்குள் எட்டு டீ குடித்துவிட்டார்.

என்ன சொல்கிறீர்கள் நயினார்? "அத விடுங்க அண்ணாச்சி"யா? விட்டுவிட்டேன். இன்று நயினார் கடையில் இருப்பது நயமான செட். நீண்ட கை உள்ளது. எட்டாத மூலையில் சாய்ந்து நுழைவதற்கு உருண்டைத் தலையும் உள்ளது. ஆனால் கடைசி முடுக்கை அந்த உருண்டைத் தலையால் போடக்கூடாது, நேரான முனையால்தான் போட வேண்டும் என்பதை அவரே இன்று நாலு பேருக்குச் சொல்கிறார். அடிபட்டுக் கற்றுக்கொண்டவர், அதனால் அடித்துச் சொல்கிறார்.

இப்போது டார்க் ரெஞ்சுக்கு வருகிறேன். தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. போல்ட்டைக் குறைவாக முடுக்கினால் கழலும், கூடுதலாக முடுக்கினால் உடையும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. நல்ல சைக்கிளில் அந்த எண்ணை ஹேண்டில் பிடியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஐந்து என்று போட்டிருந்தால் ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி ஐந்தில் நிறுத்துகிறோம், முடுக்குகிறோம். அந்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'கிளிக்' என்று ஒரு குரல் கொடுக்கும். போதும், கையை எடு என்று பொருள். அதற்கு மேல் ஒரு நூல்கூட நகர்த்தக்கூடாது.

தாராவியில் இதை நாம் ஏற்றுக்கொண்டோமா? நானே ஏற்றுக்கொள்ளவில்லை! இருபத்தெட்டு வருடமாக முடுக்கிய கை இது. இந்தக் கைக்கு ஒரு கருவி பாடம் சொல்வதா? தோல் தைக்கும் கையும், மண் பிசையும் கையும், இட்லி ஊற்றும் கையும், இரும்பை வளைக்கும் கையும் இந்தத் தாராவியின் கைதானே! உலகமெல்லாம் போகிற சரக்கு இந்தச் சந்தில் பிறக்கவில்லையா? அளவுகோல் வைத்தா பிறந்தது? இப்படியெல்லாம் பேசித் திரிந்தவன்தான் நான். அப்புறம் கார்பன் ஹேண்டில் வந்தது. எடை குறைவு, விலை அதிகம், கூடுதலாக ஒரு முடுக்கு விழுந்தால் விரிசல். விரிசல் வெளியே தெரியாது. ஒரு நாள் ஓடும்போது உடையும். கையின் கர்வம் அங்கே செல்லாது என்று கண்டதும் நானும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். இரண்டில் தொடங்கி இருபத்து நாலு வரை அளக்கக்கூடியது. நீங்களும் அதைத்தான் வாங்க வேண்டும். லாரி டயர் கழற்றும் பெரிய ரெஞ்ச் வலுவாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது நாற்பதில்தான் கண்ணையே திறக்கும். நம் ஐந்தும் ஆறும் அதன் காதில் விழாது.

வாங்கினேன். வாங்கிய ஏழாம் நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் ஒரு வழக்கம். எதுவும் குறைவாக நிற்கக்கூடாது. எண்ணெய்க் குவளையை விளிம்பு வரை நிரப்புவோம். வாசலில் நிற்கும் எல்லா டயருக்கும் காற்று நிறைக்கப்படும். கருவிப் பெட்டியில் ஒரு குழிகூடக் காலியாக இருக்காது. முப்பிடாதியம்மாள் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். டார்க் ரெஞ்சிடம் வந்ததும் நின்றாள். "ஏங்க, இதுல நம்பரு அடியில கெடக்கே. எல்லாம் நெறைவா இருக்கும்போது இது மட்டும் கொறைவா நிக்கலாமா?" என்றாள். நியாயம்தானே? தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே? எடுத்தேன். திருகினேன். இருபத்து நாலு வரை, அதற்கு மேல் திருகாது என்கிற வரை திருகி, நிறைவாக வைத்தேன். சந்தனமும் குங்குமமுமாக அது சாமிப் படங்களுக்குக் கீழே சாய்ந்திருந்த அழகை என்ன சொல்ல! அந்த அழகில் மயங்கி, பூஜை முடிந்த பிறகும் தினந்தோறும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அதைக் கடைசி எண் வரை திருகித்தான் ஆணியில் மாட்டினேன். ஒரு நாள் தவறவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அந்த ரெஞ்சின் வயிற்றுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது என்பதும், அதை ஓயாமல் அழுத்தி வைத்தால் அது சோர்ந்துபோகும் என்பதும் இந்தப் பேரறிஞனுக்குத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கடைகளில் எத்தனை ரெஞ்ச் அன்று நிறைவாக நின்றது என்று கை தூக்கச் சொன்னால் என்ன ஆகும்? அதோ, கோவண்டிக்காரர்கள் இப்போதே தலையைக் குனிந்துவிட்டார்கள்!

தை பிறந்தது. அம்மையார் விஜயலட்சுமி அவர்கள் என் கடைக்கு வந்தார். "முப்பத்திரண்டு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் கிளம்பி கண்டாலா மலை ஏறி இறங்கறோம். எல்லாத்தையும் பார்த்து, முடுக்கித் தரணும். பெரிய ஷோரூமிலே கேட்டா ஒரு மாசம் ஆகுங்கறா. உங்களால முடியுமா?" என்று கேட்டார். முடியுமா என்று தாராவியைப் பார்த்துக் கேட்கலாமா? முப்பத்திரண்டு சைக்கிள்! செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் வந்த சைக்கிள்கள் நம் சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வாரம் நான் நடந்த நடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என் கால் தரையில் படவில்லை.

வேலையைச் செய்தது யார்? என்னோடு பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் மெக்கானிக் மாரிசெல்வி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். சக்கரத்தின் கோணலைக் கண்ணாலேயே கண்டு கம்பி கம்பியாகச் சரி செய்பவள். ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் ஆறு போல்ட், முப்பத்திரண்டு ஹேண்டில். அத்தனையும் அவள் கை முடுக்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா வண்டியும் வீடு போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை காலை. மாரிசெல்வி தன் சைக்கிளில் கடைக்கு வந்தாள். வந்தவள் இறங்கவில்லை, ஹேண்டிலைக் காட்டினாள். "அண்ணாச்சி, லேபர் கேம்ப் ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனேன், ஹேண்டிலு அப்படியே கீழ சாஞ்சிட்டு. இத நேத்துதான் நம்ம ரெஞ்ச வச்சு முடுக்குனேன். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு" என்றாள்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? ரெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். நான் யாரைப் பார்த்தேன்? அவளைப் பார்த்தேன். கடையில் நாலு வாடிக்கையாளர்கள், வாசலில் நயினார், எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர். அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான் கத்தினேன். "ரெஞ்சு என்னட்டி செய்யும்? பொம்பளக் கை! கிளிக்னு சத்தம் வாரதுக்கு முன்னாடியே கைய எடுத்திருப்ப! ஒன்னைய நம்பிக் குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும்!"

சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. அந்தப் பதினோரு வருடத்தில் அவள் முடுக்கிய ஒரு போல்ட் கழன்றதாக ஒரு ஆள் வந்து சொன்னதுண்டா? இல்லை! அது எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும்! தெரிந்தும் சொன்னேன், தோழர்களே!

அவள் அழுதாளா? இல்லை. எதிர்த்துப் பேசினாளா? இல்லை. ரெஞ்சை ஆணியிலிருந்து எடுத்தாள். காய்கறி வண்டி ஷைஸ்தாவிடம் போனாள். "தீதி, ஸரா வஜன் தோ. பாஞ்ச் மினிட்" என்று ஐந்து நிமிடத்துக்கு எடைக்கல்லைக் கேட்டாள். "லே ஜா, பர் கிராஹக் கடா ஹை, ஜல்தி லானா" என்று, வாடிக்கையாளர் நிற்கிறார், சீக்கிரம் கொண்டுவா என்று சொல்லி அந்தப் பெண்மணி கொடுத்தனுப்பினாள். மாரிசெல்வி ரெஞ்சின் தலையைப் பட்டறை வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். ரெஞ்ச் படுக்கைவாட்டில் நீண்டு நின்றது. தலையிலிருந்து இருபது சென்டிமீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டாள். ரெஞ்சை ஐந்தில் வைத்தாள். கோட்டில் ஒரு கயிற்றைக் கட்டி எடையைத் தொங்கவிட்டாள். "ரெண்டரைக் கிலோவுக்குச் சொட்டு மேல வந்தா கிளிக் அடிக்கணும். கணக்கு அவ்வளவுதாம்" என்றாள். ஒரு கிலோ தொங்கியது. சத்தமில்லை. ஒன்றரை. சத்தமில்லை. இருநூறு கிராம் சேர்த்தாள், இன்னும் இருநூறு சேர்த்தாள். கிளிக்!

"கேட்டீயளா அண்ணாச்சி? ரெண்டு கிலோகூட ஆவல, அதுக்குள்ள அடிச்சிட்டு" என்றாள்.

ரெஞ்ச் பொய் சொல்லியிருக்கிறது. ஐந்து என்று சொல்லி நாலுகூட முடுக்காமல் நிறுத்தியிருக்கிறது. அவள் கை கிளிக் கேட்கும் வரை காத்திருந்து, கேட்ட இடத்தில் மிகச் சரியாக நின்றிருக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று? கடையில் இருந்த முப்பிடாதியம்மாள் பூஜை அலமாரியிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். அந்தக் காகிதம் என்ன தெரியுமா? ரெஞ்சோடு வந்த குறிப்புத் தாள்! இங்கிலீஷில் இருக்கிறதே என்று நான்தான் அதில் குங்குமம் மடித்து வைத்திருந்தேன். மாரிசெல்வி குங்குமத்தைத் தட்டிவிட்டுப் படித்தாள். "வேலை முடிஞ்சதும் ஆகக் கொறஞ்ச நம்பருக்குத் திருப்பி வைக்கணும்னு போட்டிருக்கு அண்ணாச்சி. நீங்க தெனமும் எதுல வச்சீய?" என்று கேட்டாள். இருபத்து நாலில்! அவளுக்கும் பதில் தெரியும்.

மறுநாள் முப்பத்திரண்டு பெண்கள் மலை இறங்கப் போகிறார்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு போல்ட், ஒன்றுகூட முழு முடுக்கில் இல்லை. நயினார் என் காதோரம் வந்தார். "அண்ணாச்சி, சும்மா இருங்க. ஒண்ணும் ஆவாது. போன் போட்டுச் சொன்னா தாராவிக்காரன் வேலை இம்புட்டுத்தான்னு பேரு போயிரும். அப்புறம் ஒரு பய வரமாட்டான்" என்றார். நயினாரைக் குறை சொல்லாதீர்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம், உங்கள் செயலாளர் செல்லப்பாண்டி ஒரு கோழையாக உட்கார்ந்திருந்தேன்.

மாரிசெல்விதான் என் எதிரே வந்து நின்றாள். "நாளைக்கு அந்த எறக்கத்துல விஜயலட்சுமி மேடத்துக்கு ஹேண்டிலு சாஞ்சா அவங்க பல்லு போவும், தலை போவும். அப்பம் மட்டும் நம்ம பேரு நிக்குமா? போனைப் போடுங்க" என்றாள். போட்டேன்.

அம்மையார் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "எத்தனை வண்டி?" என்றார். முப்பத்திரண்டும் என்றேன். "கொண்டுவரச் சொல்றேன். இதை யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார்.

அன்பர்களே! அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பேரைச் சொன்னால் போதும். எதிரே நிற்கிறாள். எடைக்கல் கையில் இருக்கிறது. நான் என்ன சொன்னேன்? "நாங்க கண்டுபிடிச்சோம் மேடம்" என்றேன். 'நாங்க'! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணை ஒளித்துவைத்தேன்.

அன்று மதியம் இந்தச் சாலை கண்ட காட்சியை நீங்கள் மறக்க முடியுமா? செம்பூரிலிருந்து வந்தன, மாதுங்காவிலிருந்து வந்தன, மான்குர்திலிருந்து டெம்போவில் ஏறி வந்தன. தலைவர் வேங்கடசுப்ரமணியன் ஐயா, எழுபத்து மூன்று வயதில், செய்தி கேட்டதும் தன் சொந்த டார்க் ரெஞ்சை ஒரு பூந்துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினார். "முதல்லே இதையும் தொங்கவிட்டுப் பார்த்துடும்மா. என்னோடதுங்கறதுக்காக விட்டுடாதே" என்று மாரிசெல்வியிடம் நீட்டினார். பார்த்தாள், ரெண்டரைக் கிலோவுக்குச் சொட்டு மேலே சொன்னபடி அடித்தது. சங்கத் தோழர்கள் கூப்பிடாமலே வந்தார்கள். நயினார் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து வண்டிகளைப் பிடித்துக்கொண்டார். ஒரே ரெஞ்ச், ஒரே கை. அவள் முடுக்க முடுக்க, ஒவ்வொரு போல்ட்டும் இன்னும் கொஞ்சம் திரும்பி, அதன் பிறகே கிளிக் சொன்னது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை என் தப்பு என் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் கடைசி வண்டி கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேரும் கண்டாலா ஏறினார்கள், முப்பத்திரண்டு பேரும் இறங்கினார்கள். அம்மையாரே வந்து சொன்னார்: "எறக்கத்துலே ஒரு பள்ளம். நல்ல ஸ்பீடு. நான் பார்க்கவே இல்லை. வண்டி தூக்கிப் போட்டுது, ஹேண்டில் அசையவே இல்லை!" தட்டுங்கள் கையை! தாராவியின் கைக்குத் தட்டுங்கள்!

ஆனால் நிறுத்துங்கள். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு வந்தது. யாருக்கு? செல்லப்பாண்டியின் நேர்மைக்கு! தன் தவறைத் தானே கண்டு தானே சொன்ன செல்லப்பாண்டிக்கு! சங்கக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டீர்கள், நானும் கழுத்தை நீட்டினேன். மாரிசெல்விக்கு என்ன வந்தது? அந்தச் சனிக்கிழமை காலை என் கடையில் நின்ற நாலு வாடிக்கையாளர்கள் நான் கத்தியதைத்தான் கேட்டார்கள். எடைக்கல்லை யாரும் பார்க்கவில்லை, அதற்குள் போய்விட்டார்கள். போன இடமெல்லாம் சொன்னார்கள். அடுத்த வாரம் ஒருவர் வந்து, "அந்தம்மா வேணாம், நீங்களே முடுக்குங்க" என்றார். இன்னொருவர் வந்தார், அதையே சொன்னார். மான்குர்திலிருந்து ஒரு குடும்பம், அவளிடம் ஆறு வருடமாக வந்துகொண்டிருந்த குடும்பம், வேறு கடைக்குப் போய்விட்டது. நான் என்ன செய்தேன்? வாய் திறக்காமல் கருவியை அவள் கையிலிருந்து வாங்கி நானே முடுக்கினேன்.

இரண்டு மாதம்! இரண்டு மாதம் அவள் பஞ்சர் ஒட்டினாள், பெல் மாட்டினாள். ஒரு நாள் மதியம் கடைக்குள்ளே யாருமில்லாதபோது மெல்லச் சொன்னேன். "மாரி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. மனசுல வச்சுக்காத" என்றேன். அவள் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தாள்.

"வஞ்சது ரோட்டுல, அண்ணாச்சி. மன்னிப்பு மட்டும் கடைக்குள்ளயா? எனக்கு இது வேண்டாம். நான் வேலைக்கு வாரது இந்த மாசக் கடைசி வரைக்குந்தான்" என்றாள்.

மாசக் கடைசி எது? நாளை மறுநாள்.

அதனால்தான் தலைப்பு எதுவாக இருந்தாலும் இந்த மேடையில் நான் ஏறியாக வேண்டும் என்று தலைவரிடம் கெஞ்சினேன். டார்க் ரெஞ்ச் வாங்குவது எப்படி என்று கேட்டீர்களே! வாங்குவது எளிது, வளர்ப்பது கடினம். வேலை முடிந்ததும் அதன் எண்ணைக் குறைத்து வையுங்கள். ஆயுத பூஜையன்றும் குறைத்தே வையுங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள், முப்பிடாதியம்மாளும் ஒப்புக்கொண்டுவிட்டாள். துருவேறிய போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். கீழே போட்டால் எடுத்துத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், எடை தொங்கவிட்டுச் சோதியுங்கள். கருவிக்கும் கைக்கும் சண்டை வந்தால், கையைக் குற்றம் சொல்லும் முன் கருவியைச் சோதியுங்கள். கருவியையும் கையையும் சோதித்த பிறகு உங்கள் வாயைச் சோதியுங்கள். நான் அந்த மூன்றையும் தலைகீழாகச் செய்தவன்.

இன்று திறந்திருக்கும் கருவியறையில் ஏழு டார்க் ரெஞ்ச் இருக்கின்றன. சங்கத்தின் நாற்பத்தொரு கடைகளும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அந்த ஏழையும் எடை தொங்கவிட்டுச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? செயற்குழு கூடியது. ஒரே பேர்தான் எழுந்தது. எடுத்து மொழிந்தவர் யார்? நயினார்! அவள் கையெழுத்து இல்லாத ரெஞ்ச் இந்தத் தாராவியில் எந்தச் சைக்கிளையும் தொடாது. மாரிசெல்வி, அந்தப் பொறுப்பை நீ ஏற்பதும் மறுப்பதும் உன் விருப்பம். என் கடையில் இருப்பதும் போவதும் உன் விருப்பம். எனக்கு உன்னிடம் எதையும் கேட்க உரிமை இல்லை. எனக்குச் சொல்ல மட்டும்தான் உரிமை இருக்கிறது.

சொல்கிறேன். அம்மையார் விஜயலட்சுமி அவர்களே, அன்று நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். கண்டுபிடித்தது மாரிசெல்வி. போன் போடச் சொன்னது மாரிசெல்வி. உங்கள் முப்பத்திரண்டு ஹேண்டிலையும் இரண்டு முறை முடுக்கியது மாரிசெல்வி. முதல் முறையும் அவள் சரியாகத்தான் முடுக்கினாள். ரெஞ்சைக் கெடுத்தவன் நான். அவள் பேரைக் கெடுத்தவனும் நான். மாரிசெல்வி, என்னை மன்னித்துவிடு.

... யார் அது, பின்னால் எழுந்து நிற்பது? மாரிசெல்வியா? என்னம்மா? சத்தமாகச் சொல்.

"பொறத்தால நிக்கவங்களுக்குக் கேக்கலையாம் அண்ணாச்சி! இன்னொரு மட்டம் சொல்லுங்க!"

கேட்டீர்களா? இதுதான் தாராவியின் மகள்! சொல்கிறேன், அம்மா. இன்னொரு முறை என்ன, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை சொல்கிறேன். பின்வரிசைத் தோழர்களே, டீக் கடையில் நிற்பவர்களே, மாடியில் துணி காயப்போடும் தாய்மார்களே, மான்குர்த் போய் அந்தக் குடும்பத்திடம் சொல்லக்கூடியவர்களே, நன்றாகக் கேளுங்கள்! மாரிசெல்வி சரியாக முடுக்கினாள்! செல்லப்பாண்டி தப்பாகப் பேசினான்! மாரிசெல்வி சரியாக முடுக்கினாள்! செல்லப்பாண்டி தப்பாகப் பேசினான்!

போதுமா, அம்மா? கேட்டதா எல்லோருக்கும்? கேட்டது என்று கை தூக்குகிறார்கள், நீயே திரும்பிப் பார்த்துக்கொள்.

நேரம் தாண்டியும் மணி அடிக்காத தலைவருக்கும், மறுபடி நம்பி வண்டி தந்த செம்பூர் மகளிருக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்த தோழர்களுக்கும், என் தப்பைப் பொறுமையாகக் கேட்ட இந்தச் சாலைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். மாரிசெல்விக்குத் தனியாக ஒரு வணக்கம்.